வேஷம் கட்ட வரும் பிள்ளைகளுக்கு

அறுப்பு முடிந்து களம் காலியானதும் கூத்து பழக வேண்டும் என்று திருப்புலிவனத்துப் பிள்ளைகள் சிலர் என்னிடம் வந்து கேட்டீர்கள். காலேஜில் படிக்கிறவர்கள் இருக்கிறீர்கள், ஒரகடம் கம்பெனிக்கு ஷிப்டு போகிறவர்கள் இருக்கிறீர்கள், பன்னிரண்டாவது எழுதிவிட்டுக் காத்திருக்கிற பெண் பிள்ளைகளும் இருக்கிறீர்கள். வாத்தியாரை அழைத்து வருவது என் பொறுப்பு. அவர் வந்து சேருவதற்குள் நான் சொல்ல வேண்டியதை எழுதித் தந்துவிடுகிறேன்.

கூத்தை நான் தொழிலாகச் செய்தவன் இல்லை. வாலிபத்தில் கூட்டாளிகளோடு சேர்ந்து பழகி, உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் பாரதம் வைத்த ஊர்களில் துச்சாதனன் கட்டினேன். அடவும் தாளமும் வாத்தியார் சொல்லித் தருவார். கூட்டாளிகளுக்கு நடுவில் ஒரு வேஷத்தோடு வாழ்வது எப்படி என்பதை மட்டும் நான் சொல்கிறேன். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அது. உங்களுக்கும் கிடைக்க வேண்டும்.

1. முதலில் ஆள் சேருங்கள். வேஷம் பிறகு.

விடிய விடிய ஆடும் ஒரு கூத்துக்குப் பதினைந்து பேராவது வேண்டும். மிருதங்கம், டோலக், ஆர்மோனியம், முகவீணை, தாளம், பின்பாட்டு, திரை பிடிக்க இரண்டு பேர், பெட்டி தூக்க ஆள். இத்தனை பேரும் இருந்தால்தான் ஒரு அர்ச்சுனன் வெளியே வர முடியும். நீங்கள் என்னிடம் வந்தபோது ஆளாளுக்கு எந்த வேஷம் என்பதை முடிவு செய்துகொண்டு வந்திருந்தீர்கள். ஒருவர்கூடத் தாளம் போடுகிறேன் என்று சொல்லவில்லை. அதை மாற்றுங்கள்.

எங்கள் செட்டு ஒரு மழைக்காலத்தில், நடவு முடிந்து கை சும்மா இருந்தபோது சேர்ந்தது. செய்யாறு பக்கத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்து அவருக்குச் சாப்பாடு. ராத்திரி சாப்பிட்டு முடித்துக் களத்தில் அரிக்கேன் விளக்கு வைத்துப் பழக ஆரம்பித்தால் கோழி கூவும்போதுதான் விடுவார். பாட வந்தவன் ஒருவன், ஆட வந்தவன் ஒருவன், மாமன் மகன் வருகிறானே என்று கூடவே வந்தவன் ஒருவன். கூடவே வந்தானே, அவன்தான் பிற்பாடு எங்கள் கட்டியங்காரன் ஆனான். அவன் இல்லாமல் ஒரு கூத்தும் நகராது என்கிற அளவுக்கு ஆனான். ஆகவே வருகிற யாரையும் இப்போதே எடை போட்டு அனுப்பிவிடாதீர்கள்.

2. கொடுக்கிற வேஷத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்து உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 கல்வெட்டுகளின்படி, குடத்தில் ஓலை போட்டுக் குலுக்கிச் சபைக்கு ஆள் எடுத்தார்கள். வேஷத்தை அப்படிக் குலுக்கி எடுக்க முடியாது. வாத்தியார் உங்கள் குரலைக் கேட்பார், நிற்கிற நிலையைப் பார்ப்பார், கோபம் வந்தால் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதைக்கூடக் கவனிப்பார். சில வாரம் கழித்து ஒரு நாள் சொல்வார். சொன்னால் சொன்னதுதான்.

எனக்கு அர்ச்சுனன் மேல் ஆசை இருந்தது. துச்சாதனன் வந்தது. வீட்டில் சொன்னபோது என் தாயார் முகம் சுளித்தார். ஒரு பெண்ணின் கூந்தலைப் பிடித்து இழுத்து வருகிறவன் வேஷம் நம் பிள்ளைக்கா என்று கேட்டார். வாத்தியார் வீட்டுக்கே வந்து அவரிடம் சொன்ன பதில் எனக்கு மனப்பாடம்: "அம்மா, அவன் சரியா இழுத்தாதான் அவளுக்கு நியாயம் கெடைக்கும்." அந்த ஒரு வாக்கியத்தில் வேஷத்தின் முழு வேலையும் இருந்தது. கெட்டவன் வேஷம் கட்டுகிறவன் பாதி மனசோடு ஆடினால் திரௌபதியின் சபதத்துக்குப் பலம் கிடையாது. பாரதம் அந்த இடத்திலேயே படுத்துவிடும்.

நாளாக ஆக அந்த வேஷத்தின் மேல் எனக்குப் பிரியம் வந்தது. அண்ணன் சொல்லைத் தட்டாதவன் துச்சாதனன். சொன்னது தர்மமா என்று ஒருமுறைகூட நின்று கேட்காதவன். அந்தக் கேட்காத குணத்தை எப்படி நடந்து காட்டுவது, எப்படித் திரும்பி அண்ணன் முகத்தைப் பார்த்துக் காட்டுவது என்று ஏர் ஓட்டும்போதும் தண்ணீர் கட்டும்போதும் யோசித்துக்கொண்டிருப்பேன். உங்களுக்குக் கிடைப்பது சிறிய வேஷமாகவும் இருக்கலாம். சேவகனோ குறத்தியோ எதுவானாலும் அவனுக்கும் அவளுக்கும் விடியும் வரைக்கும் ஒரு வாழ்க்கை உண்டு.

3. திரைக்குப் பின்னால் நிற்கும்போதே ஆட்டம் தொடங்கிவிட்டது.

இரண்டு பேர் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்க, நீங்கள் பின்னால் நின்று திரை விருத்தம் பாடுவீர்கள். கூட்டத்துக்குக் கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும், காலில் சலங்கைச் சத்தம் கேட்கும். கட்டியங்காரன் வெளியே நின்று, வந்திருப்பது யார், எந்த நாடு, என்ன காரியம் என்று கேட்பான். அந்தக் கேள்விகளுக்கான பதில் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத இரண்டு பதில்களையும் நீங்கள் தயார் செய்துகொள்ள வேண்டும்: இந்த ஆளுக்கு இன்று ராத்திரி என்ன வேண்டும், இவன் யாருக்குப் பயப்படுகிறான். இந்த இரண்டும் தெரிந்தவனுக்கு வசனம் தவறினாலும் வேஷம் தவறாது.

திரை பிடிக்கிறவர்களை மரியாதையாக நடத்துங்கள். திரையை எப்போது இறக்குவது என்பதைச் சரியாகப் பிடிக்கிறவன் உங்கள் வருகையைப் பத்து மடங்கு ஆக்கிக் கொடுப்பான்.

4. எதிரில் நிற்பவரைக் கேளுங்கள்.

நான் எழுதுவதில் ஒன்றை மட்டும்தான் மனசில் வைத்துக்கொள்வேன் என்று யாராவது சொன்னால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பகடை துயில் ராத்திரியைப் பற்றிச் சொல்கிறேன். சூதாட்டம் நடந்து, தருமன் எல்லாவற்றையும் வைத்துத் தோற்று, துரியோதனன் தம்பியை அனுப்புகிறான். அங்கிருந்து துகில் உரியும் இடம் வரை துச்சாதனனுக்கும் திரௌபதிக்கும் தர்க்கம். வருகிறாயா, வரமாட்டாயா, என்னை வைத்துத் தோற்க அவர் யார், தன்னைத் தோற்றவருக்கு என்னை வைக்க உரிமை ஏது. பாட்டும் வசனமுமாக இது வெகு நேரம் போகும். நள்ளிரவு தாண்டி, பிள்ளைகளெல்லாம் தாயார் மடியில் தூங்கிப்போயிருக்கும் நேரம். அந்த நேரத்தில் கூட்டத்தை எழுப்பி உட்கார வைப்பது இந்தத் தர்க்கம்தான்.

எங்கள் திரௌபதி என் பக்கத்து வயல்காரன். பகலில் இருவரும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுவோம். ராத்திரி அவன் சேலை கட்டி, கொண்டை முடித்து, மஞ்சள் பூசி வந்து நின்றால் எனக்கு அவனைத் தெரியாது. அவன் குரல் பெரியது இல்லை. ஆனால் நான் பேசும்போது என்னைக் கேட்பான். நான் எந்தச் சொல்லில் மூச்சு விட்டேனோ அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவன் பதில் வரும். ஒரு ஊரில் ஆடியதுபோல் மறு ஊரில் ஆடியதில்லை. ஒரு ராத்திரி அழுதுகொண்டே வழக்காடுவான், மறு ராத்திரி அழுகையே இல்லாமல், சபைக்கு வந்த வக்கீல் மாதிரி, கேள்விமேல் கேள்வி கேட்பான். அழுகிற திரௌபதியை இழுப்பது சுலபம். கேள்வி கேட்கிற திரௌபதியை இழுக்க எனக்குக் கை வராது. கை வரவில்லையே என்ற ஆத்திரம்தான் அன்றைய துச்சாதனன் ஆனது. அந்த ஆத்திரத்தை நானாக வீட்டிலிருந்து கொண்டுபோகவில்லை. அவன் கொடுத்தான்.

இதைத்தான் சொல்ல வருகிறேன். உங்கள் வேஷத்தைக் கட்டுகிறவர் எதிரில் நிற்கிறார். நீங்கள் பயங்கரமாக இருக்கிறீர்களா இல்லையா என்பது திரௌபதி பயப்படுகிறாளா என்பதைப் பொறுத்தது. நீங்கள் ராஜாவா இல்லையா என்பது சேவகன் எப்படி நிற்கிறான் என்பதைப் பொறுத்தது. ஆகவே அடுத்த வசனம் என்ன என்று மனசுக்குள் ஓட்டிக்கொண்டு நிற்காதீர்கள். காதைத் திறந்து வையுங்கள். கூட்டாளி எதை மறந்தாலும் அதைக் கேள்வியாக எடுத்துக் கொடுங்கள். "என்ன பேச்சு நின்றுவிட்டது, உன் ஐந்து புருஷர்களும் எங்கே?" என்று நான் கேட்டால், விட்ட இடம் அவனுக்கு நினைவு வந்துவிடும். பார்க்கிறவர்களுக்கு அது கதையாகவே இருக்கும்.

சேலையில் கை வைப்பதற்கு முன் ஆட்டம் நிற்கும். கற்பூரம் ஏற்றுவார்கள். துச்சாதனன் வேஷக்காரன் கும்பிட்டு, தாயே இது ஆட்டம், பொறுத்துக்கொள் என்று வேண்டிக்கொள்வான். இதை யாரும் ஒரு சடங்காக ஓட்டிவிடக் கூடாது. எங்கள் ஆட்டத்தில் அந்த நேரத்தில் அவன் கண்ணை நான் பார்ப்பேன், அவன் லேசாகத் தலை அசைப்பான். அதற்குப் பிறகுதான் தொடுவேன். கூட்டாளி தலை அசைக்காமல் எதையும் தொடாதீர்கள். எந்த வேஷத்துக்கும் இது பொருந்தும்.

5. கட்டியங்காரனைக் கோமாளி என்று நினைக்காதீர்கள்.

சென்னையில் வேலை பார்க்கும் என் பேரன் போன பொங்கலுக்குக் கூட்டாளிகளோடு வந்திருந்தான். ராத்திரி திண்ணையில் வட்டமாக உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடினார்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று பெயர். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கி 1974இல் வெளியிட்டது என்று பேரன் சொன்னான். ஆளுக்கு ஒரு வேஷம்: ஒருவன் வில்லாளி, ஒருவன் மந்திரவாதி, ஒரு பெண் பிள்ளை திருடி. முகத்தில் வர்ணம் இல்லை, உடுப்பு இல்லை, எழுந்து நிற்பதுகூட இல்லை. வாயால்தான் எல்லாம். நான் கதவைத் திறக்கிறேன், நான் அம்பு விடுகிறேன் என்று சொல்ல வேண்டும். இருபது பக்கம் உள்ள ஒரு பகடையை உருட்டி, விழுந்த எண்ணைப் பார்த்து, அம்பு பட்டதா படவில்லையா என்று முடிவு. இதையெல்லாம் நடத்த ஒரு ஆள். காட்டைச் சொல்வதும், காட்டில் எதிர்ப்படும் பூதமாகப் பேசுவதும், கேள்வி கேட்பதும், யாராவது வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் அவர்களை உள்ளே இழுப்பதும் அவர் வேலை.

பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் கட்டியங்காரன்தான் எனக்கு நினைவுக்கு வந்தான். வாயில் காக்கும் சேவகன், தூது போகிறவன், ராஜாவைக் கேலி செய்கிறவன், ஊர் நியாயம் பேசுகிறவன், கதை எங்கே நிற்கிறது என்று தூங்கி எழுந்தவருக்குச் சொல்கிறவன் எல்லாம் ஒரே ஆள். ராத்திரி முழுக்க மேடையை விட்டு இறங்காதவனும் அவன் ஒருவன்தான். மற்ற வேஷங்கள் ஆடிவிட்டு வந்து ஒரு தூக்கம் போடலாம். உங்களில் நிறையப் படித்தவரும், பேச்சில் சாமர்த்தியம் உள்ளவரும், அதைவிட முக்கியமாக மற்றவர் பெயர் வாங்குவதில் சந்தோஷப்படுகிறவருமாக ஒருவரைக் கட்டியங்காரனுக்குப் போடச் சொல்வேன்.

பேரனுடைய கூட்டாளிகள் விடியும் வரை ஆடினார்கள். அந்தத் திருடி வேஷக்காரப் பெண் தன் பங்குப் புதையலைக் காயம்பட்ட கூட்டாளியைக் காப்பாற்றக் கொடுத்துவிட்டாள். அதை மறுநாள் காலையில் இட்லி சாப்பிடும்போதும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கொருவர் வேஷத்தின் பெயர் சொல்லியே கூப்பிட்டுக்கொண்டார்கள். எங்கோ குளிர் தேசத்தில் பிறந்த ஆட்டத்திலும் இதே கூட்டாளித்தனம் இருக்கிறது என்று கண்டு எனக்கு நெஞ்சு நிறைந்தது. உங்களில் சிலர் அந்த ஆட்டம் ஆடுகிறவர்கள் என்று கேள்விப்பட்டேன். அதை விட்டுவிட்டு வாருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அங்கே பழகியதை இங்கே கொண்டு வாருங்கள்.

6. உங்கள் முகத்தை நீங்களே எழுதுங்கள். கட்டைகளைக் கூட்டாளியிடம் கட்டச் சொல்லுங்கள்.

முகம் எழுத நேரம் பிடிக்கும். எங்கள் வாத்தியார் வழியில் துரியோதனனுக்கும் துச்சாதனனுக்கும் சிவப்பு, அதன்மேல் வெள்ளைப் புள்ளி, கறுப்புக் கோடு, பெரிய மீசை. கண்ணாடியில் உங்கள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய் இன்னொருவன் வருவதை நீங்கள் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் செல்போனைப் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள்.

கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை போன்ற லேசான மரத்தில் செய்து, மேலே வர்ணக் காகிதமும் கண்ணாடித் துண்டும் பதித்தவை. லேசு என்று பேர்தான். விடியும்போது தோள்பட்டை சொல்லும். நாடா இறுக்கமாகவும் இருக்க வேண்டும், மூச்சுக்கும் இடம் வேண்டும். கிறிக்கி அடித்துச் சுழலும்போது ஒரு கட்டை கழன்றால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைமேல் போய் விழும். எனக்கு எப்போதும் கட்டிவிட்டவன் எங்கள் பீமன். பதினெட்டாம் போரில் என் மார்பைப் பிளக்கப்போகிறவன், சாயங்காலம் முட்டி போட்டு உட்கார்ந்து என் சலங்கையை முடிந்துவிடுவான். வேறு யார் முடிந்தாலும் எனக்குத் திருப்தி வராது.

7. தொண்டை.

ஆட்டத்தன்று மத்தியானத்தோடு கனத்த சாப்பாட்டை நிறுத்துங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், சுக்கும் மிளகும் போட்ட பால் போதும். மைக் இருக்கிறது என்று குரலை மடக்கிப் பழகாதீர்கள். கரண்டு போனாலும் கடைசி வரிசைக் கிழவிக்குக் கேட்க வேண்டும். சாராயத்தைத் தொட்டுவிட்டு மேடை ஏறுகிறவனோடு நான் பேசமாட்டேன்.

8. ஏறத் தெரிந்தால் போதாது, இறங்கவும் தெரிய வேண்டும்.

வேஷம் சில ராத்திரிகளில் ஆளைப் பிடித்துக்கொள்ளும். இரணிய விலாசத்தில் நரசிம்மம் கட்டுகிறவரை இடுப்பில் கயிறு கட்டிப் பிடித்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். துகில் உரியும்போது துச்சாதனன் மயங்கி விழுவதும் உண்டு. விழுந்தால் தாங்க ஆள் வேண்டும். பின்பாட்டுக்காரர்கள் எப்போதும் ஒரு கண் உங்கள்மேல் வைத்திருக்க வேண்டும். இதைப் பற்றி வெட்கமில்லாமல் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் துரியோதனன் மிகவும் சாது. வீட்டில் ஒரு சொல் அதிர்ந்து பேசமாட்டான். படுகளத்தன்று காலையில், மைதானத்தில் மண்ணால் பெரிய துரியோதனன் உருவம் படுத்திருக்க, அதைச் சுற்றி அவனும் பீமனும் ஓடிச் சண்டை போட, பீமன் தொடையில் அடித்து, திரௌபதி அம்மன் கூந்தல் முடிந்து முடியும்வரை அவன் அவனாக இருக்கமாட்டான். ராத்திரி முழுக்க ஆடிவிட்டு வெயிலில் ஓடுகிறான் என்பதையும் எண்ணிப் பாருங்கள். எல்லாம் முடிந்ததும் பீமன்தான் முதலில் அவன் கிரீடத்தை எடுப்பான். தேங்காயெண்ணெய் தொட்டு அவன் முகத்தைத் துடைப்பான். பெயர் சொல்லிக் கூப்பிடுவான், வேஷப் பெயரை அல்ல, வீட்டுப் பெயரை. அவன் "ம்" என்று சொன்ன பிறகுதான் நாங்கள் யாரும் தண்ணீர் குடிப்போம்.

முகம் துடைத்ததும் அவரவர் வீட்டுக்குப் போகாதீர்கள். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். மேடையில் திட்டியவனும் திட்டு வாங்கியவனும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார வேண்டும். ஆட்டத்தில் வந்த கோபம் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கே கழன்றுவிடும்.

9. உங்கள் ராத்திரி எது, அவருடைய ராத்திரி எது என்று தெரிந்து நடந்துகொள்ளுங்கள்.

பாரதம் வைத்தால் பத்து ராத்திரிக்குக் குறையாமல் கூத்து இருக்கும். வில் வளைப்பு, ராஜசூய யாகம், பகடை துயில், அர்ச்சுனன் தபசு, விராட பருவம், கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று ஒவ்வொரு ராத்திரியும் ஒருவருக்குச் சொந்தம். தபசு அன்று எங்கள் அர்ச்சுனன் உயரமான மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவான். மேலேயிருந்து அவன் எறியும் எலுமிச்சம்பழத்தையும் விபூதியையும் வாங்கப் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் ஈரச் சேலையோடு காத்திருப்பார்கள். அன்று எனக்கு வேஷம் இல்லை. மரத்தடியில் நின்று, அவன் கால் வைக்கிற ஒவ்வொரு படியையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். அவன் இறங்கி வந்து என் தோளில் கை வைப்பான். உள்ளங்கை சில்லென்று இருக்கும். நான் ஆடிய ராத்திரிகளைவிட அந்தத் தபசு ராத்திரிகள் எனக்கு அதிகம் நினைவிருக்கின்றன.

10. தெரு பார்க்காதீர்கள்.

இந்தத் தெருப் பிள்ளை, அந்தத் தெருப் பிள்ளை என்று பிரித்துச் செட்டு சேர்ப்பதாக இருந்தால் நான் வரவில்லை. வாத்தியாரையும் அழைக்கமாட்டேன். எல்லார் வீட்டிலும் சாப்பிடுகிற வாத்தியாராகப் பார்த்துத்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

11. பெண் பிள்ளைகளுக்கு.

எங்கள் காலத்தில் திரௌபதியும் ஆண்தான், சுபத்திரையும் ஆண்தான். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில், பெருங்கட்டூர் ராஜகோபால் வாத்தியாரும் ஹன்னா டி புருயினும் 2002இல் குருகுலம் தொடங்கி, பள்ளிப் படிப்போடு சேர்த்துப் பெண் பிள்ளைகளுக்கும் கட்டைக்கூத்து கற்றுக்கொடுத்தார்கள். 2020இல் குருகுலம் மூடப்பட்டாலும் அங்கே பழகிய பெண்கள் கட்டை வேஷம் கட்டி, கிறிக்கி அடித்து, ராத்திரி முழுக்கப் பாடியதை இந்த மாவட்டம் பார்த்துவிட்டது. இனிமேல் பெண்ணுக்குத் தொண்டை தாங்காது, தோள் தாங்காது என்று யாரும் உங்களிடம் சொல்ல முடியாது.

ஆகவே திரௌபதி மட்டும் கேட்காதீர்கள். துரியோதனனையும் கேளுங்கள். என் துச்சாதனனையும் கேளுங்கள். உங்களில் ஒருத்தி அந்த வேஷத்துக்கு வந்தால், எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் உட்கார்ந்து சொல்லித் தருவேன். அழைத்துப்போவதும் வீட்டில் கொண்டுவந்து விடுவதும் செட்டின் பொறுப்பு. அதை ஆண் பிள்ளைகள் முதல் நாளே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

12. கதையைக் காதால் கேளுங்கள், கண்ணாலும் படியுங்கள்.

பாரதம் வைக்கும் ஊரில் மத்தியானம் பிரசங்கம் நடக்கும், ராத்திரி கூத்து நடக்கும். மத்தியானத்தில் போய் உட்காருங்கள். வில்லிபுத்தூராரிலிருந்தும் நல்லாப்பிள்ளையிலிருந்தும் பாட்டு எடுத்துப் பிரசங்கியார் விளக்குவார். உங்கள் வேஷம் அன்றைக்கு இல்லாவிட்டாலும் கேளுங்கள். துச்சாதனனைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, கர்ணனைப் பற்றியும் விகர்ணனைப் பற்றியும் கேட்டதிலிருந்து வந்தது. சபையில் எழுந்து இது அநியாயம் என்று சொன்ன தம்பி விகர்ணன். அவனும் அதே தாய் வயிற்றுப் பிள்ளை. அவன் எழுந்து நின்ற இடத்தில் நான் ஏன் எழவில்லை என்று யோசித்தபோது என் வேஷத்துக்கு ஒரு புது நடை கிடைத்தது.

பழைய பெரிய எழுத்துக் கூத்துப் புத்தகங்கள் சில என்னிடம் இருக்கின்றன. நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். செல்போனில் படம் எடுத்து வைத்தால் அது செல்போனில்தான் இருக்கும்.

13. புதுக் கதை சேர்க்க ஆசைப்பட்டால் சேருங்கள், பழையதைப் பழகிய பிறகு.

புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் வழியில் வந்தவர்கள், கொலம்பியா நாட்டு எழுத்தாளர் மார்க்கேஸின் சிறகு முளைத்த கிழவன் கதையைக் கூத்தாக ஆடினார்கள். ஆட முடிந்தது, ஏனென்றால் அவர்கள் காலில் பாரதம் இருந்தது. நம் ஊர்க் கதையே இருக்கிறது: விடிவதற்குள், வண்டு தொடாத பூவைப் பறித்துச் சிவனுக்குச் சாத்த, மரம் ஏறப் புலிக்கால் வேண்டி வாங்கிக்கொண்ட வியாக்ரபாத முனிவர். வியாக்ரபுரீஸ்வரர் கோயில் கொண்ட ஊரில் அந்த முனிவருக்கு ஒரு கூத்து இல்லை என்பது எனக்கு வெகு நாள் குறை. மனிதக் கையோடு பூப்பறித்துப் பழகியவன் புலிக்காலோடு முதல் மரம் ஏறும் காட்சியை யாராவது ஆடிக் காட்டுங்கள்.

14. வேஷப் பெயர் கடைசி வரை வரும்.

ஊரில் என் வீட்டைத் துச்சாதனன் வீடு என்றுதான் வழி சொல்கிறார்கள். என் மருமகள் வந்த புதிதில் சங்கடப்பட்டாள். இப்போது அவளே அப்படித்தான் சொல்கிறாள். எங்கள் பீமனுக்கு இப்போது முட்டி வலி. தருமன் மகளோடு பெங்களூரில் இருக்கிறான். போன் செய்தால் "அடே தம்பி" என்று பாட்டாகவே ஆரம்பிப்பான். அர்ச்சுனனுக்குக் கண் தெரியவில்லை, ஆனால் தபசுப் பாட்டில் ஒரு அடி தவறாது.

எங்கள் திரௌபதி காலமாகிவிட்டான். பதினாறாம் நாள் காரியத்துக்கு, நம் பக்கத்து வழக்கப்படி, அவன் பிள்ளைகள் கர்ண மோட்சம் வைத்தார்கள். ஆட வந்தது வேறு ஜமா. நாங்கள் மிச்சமிருந்தவர்கள் பாயைப் போட்டு முன்னால் உட்கார்ந்திருந்தோம். பின்பாட்டில் சேர்ந்து பாடினோம். அந்த ஜமாவின் வாத்தியார் எங்களைப் பார்த்துவிட்டு, ஆட்டத்தை நிறுத்தி, எங்கள் ஒவ்வொருவரையும் வேஷப் பெயர் சொல்லிச் சபைக்கு முன் வணங்கினார். செத்துப்போனவனையும் திரௌபதி என்றே சொன்னார். அவன் மனைவி அதற்காக அவருக்குத் தனியாக வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தாள்.

15. இனி செய்ய வேண்டியது.

தை பிறந்ததும் வருகிற முதல் வெள்ளிக்கிழமை, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு களத்துக்கு வாருங்கள். ஷிப்டு இருக்கிறவர்கள் எந்தெந்த நாள் வர முடியும் என்று எழுதிக் கொடுங்கள், அதற்கு ஏற்றபடி பழக்கம் வைத்துக்கொள்ளலாம். பங்குனியில் பாரதங்கள் தொடங்கிவிடும். இந்த வருஷம் நாம் பார்க்கத்தான் போகிறோம், ஆட இல்லை. அரங்கேற்றத்துக்கு அடுத்த வருஷம் பார்ப்போம். புதுச் சலங்கை வாங்கிக்கொண்டு வராதீர்கள், முதலில் வெறுங்கால் அடவுதான். ஒரு துண்டும் ஒரு நோட்டும் போதும். தாளம் போட ஆசைப்படுகிற ஒரு கூட்டாளி கிடைத்தால், கையோடு கூட்டி வாருங்கள்.